மாமன் குரலில் ஒரு மாணவி

தாழைவாய்க்கால் ஆற்றங்கரைக் கல்லூரியில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய திங்கட்கிழமை காலையில், மின்னணுவியல் துறையின் வருகைப்பதிவேட்டில் பதினேழாவது பெயராக இருந்த உலகம்மை எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்றபோது, அந்த இரண்டு சொற்களும் நாற்பத்தெட்டு வயதான, வெற்றிலை போடுகிற, இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவிக் கூவி விரிந்துபோன ஓர் ஆணின் குரலில் வெளிவந்தன; அதே நொடியில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அந்தக் குரலுக்கு உரியவரும் அவளுடைய தாய்மாமனுமான சொரிமுத்து, ‘ரெண்டு தரம்’ என்று முடித்து ‘மூணு தரம்’ என்பதற்காகத் திறந்த வாயில் ஒலி ஏதும் வராமல், அறுபது ரசகதலித் தார்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

வகுப்பில் இதைக் கேட்டுச் சிரிக்க எவருக்கும் ஓய்வில்லை. பதினாறாவது பெயருக்குரியவன் சற்று முன்புதான் தன் சித்தப்பாவின் குரலில் வருகையைத் தெரிவித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினெட்டாவது பெயருக்குரியவள் என்ன குரல் வருமோ என்று அஞ்சிக் கையை மட்டும் தூக்கினாள். நண்பகலுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு முதலாண்டு மாணவர்களும் வாயைத் திறந்து பார்த்துவிட்டார்கள். மாலைக்குள் ஊரே சட்டத்தைக் கண்டறிந்துவிட்டது. தன் படிப்பைத் தானே தேர்ந்துகொள்ளாத மாணவர், அதைத் தேர்ந்தவரின் குரலில்தான் பேசுவார். ஒரு குரல் ஒரு நேரத்தில் ஒரு வாய்க்குத்தான் உழைக்கும். முந்தித் தொடங்கியவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். தம் சொந்தக் குரலிலேயே பேசியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் அதுவரை ஊரில் எவரும் மதித்ததில்லை.

காரணம் இன்னதென்று எவரும் துருவவில்லை. ஆற்றில் புதிதாகக் கலக்கப்படும் மருந்து என்றார் ஒருவர். கல்லூரிக்கு வாங்கிய புது மின்மணி என்றார் மற்றொருவர். இரண்டு கருத்துகளையும் கேட்டுக்கொண்ட ஊர், அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாளை காலையில் யார் எப்போது பேசுவது என்னும் உடனடி வேலையைக் கவனிக்கப் போயிற்று.

ஏணிப்படித் தனிப்பயிற்சிக் கூடத்தை நடத்திவந்த அருள்தாசன் என்னும் கணக்காசிரியர் இருபத்தேழு மாணவர்களுக்குப் படிப்பைத் தேர்ந்து கொடுத்திருந்தபடியால், அவரோடு சேர்த்து இருபத்தெட்டு வாய்களுக்கு ஒரே குரல் என்றாகி, வாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஐம்பத்தொரு நிமிடம் என்று வகுத்து, அட்டவணை எழுதிக் கூடத்தின் வாசலில் ஒட்டினார்கள். அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பை அவருடைய மனைவி ஜெபமணி தாமே முன்வந்து ஏற்றார். கணவரின் ஐம்பத்தொரு நிமிடத்தை அவர் ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் வைத்தார். “குறட்டைக்கு அது தாராளம்” என்று அண்டை வீட்டாரிடம் விளக்கமும் சொன்னார். அந்த வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமைதி நிலவியது.

மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த ஒருவனுடைய தாயார், தாமே தேர்ந்து சேர்த்ததாகத் தெரு முழுவதும் சொல்லியிருந்தார். மகனோ எதிர்வீட்டு மருந்துக்கடை அம்மாளின் குரலில் காலை வணக்கம் சொன்னான். மகனுக்குக் குரல் போன வருத்தத்தைவிட, தாம் எதிர்வீட்டைப் பார்த்துத்தான் செய்தோம் என்பது வெளிப்பட்ட வருத்தம் அந்த அம்மையாருக்குப் பெரிதாக இருந்தது. நான்கு நண்பர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வணிகவியலில் சேர்ந்திருந்தார்கள்; அவர்களுடைய குரல்கள் நால்வருக்குள்ளேயே ஒரு வட்டம் சுற்றிவிட்டதால், யார் பேசுகிறார் என்பதை அறியப் பேசுகிறவர் கையைத் தூக்க வேண்டியதாயிற்று. மதிப்பெண் எங்கே தள்ளியதோ அங்கே போய் விழுந்த ஒருவனுக்கு, தொலைபேசியில் ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்று சொல்லும் பதிவுக்குரல் வாய்த்தது. அந்தக் குரலுக்கு வேறு பசியோ பேச்சோ இல்லாதபடியால் அவன் இருபத்து நான்கு மணிநேரமும் தடையின்றிப் பேசினான். எல்லாரும் அவனைக் கண்டு பொறாமைப்பட்டார்கள். ஆனால் அவன் பேசத் தொடங்கியதும் கேட்கிறவர்கள் வழக்கம்போலக் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டிப்பதாக எண்ணி எழுந்து போய்விட்டார்கள்.

உலகம்மைக்கு வருவோம். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவளுக்குப் பெயர் வைத்தவர் சொரிமுத்து. காது குத்த மடி கொடுத்தவர் சொரிமுத்து. பள்ளியையும் பின்னலின் நீளத்தையும் முடிவு செய்தவர் சொரிமுத்து. அவளுடைய தந்தை சரக்கு வண்டி ஓட்டி மாதத்தில் இருபத்தைந்து நாள் நாக்பூர் சாலையில் இருப்பவர். அவர் தொலைபேசியில் “மாமா என்ன சொல்லுதாரு” என்று மட்டும் கேட்பார். ஆகவே மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த அன்று, மாமன் வந்து நாற்காலியில் அமர்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, மருமகளின் வாழ்க்கையை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவைத்தார்.

“ஏட்டி உலகு, நீ எலக்ட்ரானிக்ஸ் படி. மண்டியில எல்லாவனும் என்கிட்ட எதுத்துப் பேசுதான். புதுசா வந்திருக்கே அந்த எலக்ட்ரானிக் தராசு, அதுகிட்ட ஒருத்தனும் பேச மாட்டேங்கான். அந்த மரியாதை நம்ம வீட்டுக்கு வரணும்.”

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் உலகம்மையின் தாய் செண்பகவல்லி.

உலகம்மைக்கு வேறு விருப்பம் இருந்ததென்றும் அதை நசுக்கிவிட்டார்களென்றும் நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அவளுக்கு எந்த விருப்பமும் இருக்கவில்லை. கேட்டால் சொல்லத் தெரியாது. ஆகவே கேட்காதது வசதியாகவே இருந்தது.

இப்போது அந்த வசதிக்கு விலை வந்தது. காலை பத்து முதல் மாலை நான்குவரை மருமகளுக்கு, மீதி நேரம் மாமனுக்கு என்று குரலைப் பிரித்தார்கள். பகலில் சொரிமுத்து தேநீர் கேட்க விசில் அடித்தார்; மாலையில் உலகம்மை சோறு போதும் என்பதற்கு இலையை மடித்தாள். இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்திருக்கும், உலகம்மைக்கு விடியலில் தூக்கத்தில் பேசும் பழக்கம் இல்லாதிருந்தால். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, “என் தலவாணிய யாரு எடுத்தா” என்று அவள் மாமன் குரலில் உறங்கியபடியே கேட்க, அண்ணன் எப்போது வந்தார் என்று செண்பகவல்லி பதறித் தலைமுடியை முடிந்துகொண்டு ஓடிவந்தாள். மண்டியிலோ சொரிமுத்துவின் ஏலம் மறுபடியும் இரண்டாம் தரத்தில் நின்றுபோயிற்று.

“நான் உதட்டப் பாத்தேன். மூணு தரம் சொல்லிட்டாரு. தாரு எனக்குத்தான்” என்றார் ஒரு வியாபாரி.

“அது கொட்டாவி வே” என்றார் மற்றவர்.

உதட்டசைவு ஏலத்தில் செல்லுமா செல்லாதா என்று ஒன்பது மணிவரை வாதம் நடந்து, அதற்குள் வெயில் ஏறித் தார்கள் வாடின. மூன்றாம் முறை இப்படி நேர்ந்ததும் மண்டிச் சங்கத் தலைவர் ஐயாக்குட்டி சொரிமுத்துவைத் தனியே அழைத்துப் பேசினார்.

“அண்ணாச்சி, ஆடிக் கோயில் கொடை ஏலம் வரைக்கும் பாப்போம். முப்பத்தோராம் தேதி. ரெண்டாயிரம் தாரு வருது. அன்னைக்கும் வாய் நின்னு போச்சுன்னா, மதுரையில இருந்து கூவுற மெஷினு ஒண்ணு வாங்கிருவோம். அதுக்கு மருமக கிடையாது.”

சொரிமுத்து பதில் சொல்லவில்லை. மணி பத்தேகால் ஆகியிருந்தது.

அதே முப்பத்தோராம் தேதிதான் கல்லூரியில் துறை மாற்றிக்கொள்வதற்கும் இறுதி நாள். அன்று காலை பத்து மணிக்குள் முதல்வர் முன்னிலையில் நின்று, தான் தேர்ந்த துறையின் பெயரைத் தன் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். கையெழுத்தைப் பிறர் போடலாம், குரலைப் பிறர் போட முடியாது என்று நிர்வாகம் புது விதியே எழுதியிருந்தது. தவறவிட்டால் மூன்றாண்டுக் காலம் மாமனும் மருமகளும் ஒரு தொண்டையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்; மாமனுக்கு மண்டி போகும்; இயந்திரம் வரும்.

ஆகவே உலகம்மை தேர்ந்தெடுக்க முற்பட்டாள். தமிழிலக்கியம் என்று ஒருநாள் உறுதி செய்தாள். மறுநொடி தாயின் குரல் அவள் வாயில் வர, அடுக்களையில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த செண்பகவல்லி ஊமையாகி, மீன்காரி சொன்னதைக் கொடுக்க நேர்ந்தது. தாவரவியல் என்றாள், பள்ளித்தோழியின் குரல் வந்தது. மாமனுக்குப் பிடிக்காதது எதுவோ அதையே படிப்பேன் என்று வீறாப்பாகத் தத்துவத்தைத் தேர்ந்தபோது மீண்டும் மாமன் குரலே வந்தது. ஒருவரை எதிர்ப்பதற்காகச் செய்வதும் அவர் சொல்லிச் செய்வதே என்பதில் அந்தச் சட்டம் மிகக் கறாராக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாள். அரை நாள் முழுவதும் அவள் வாயைத் திறந்தால் ‘ணங்’ என்றது. பேருந்தில் நடத்துநர் குனிந்து குனிந்து சில்லறையைத் தேடினார். கடைசியாகச் செண்பகவல்லி அவளை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், துறைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பூவோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிப் போட்டு, வழக்கப்படி ஒரு சிறு குழந்தையைக் கொண்டு எடுக்கச் செய்தாள். குழந்தை வரலாற்றை எடுத்தது. அடுத்த இரண்டு நாள் உலகம்மை மூன்று வயது மழலையில் பேசினாள். வரலாற்றுத் துறைக்குப் போய், “எனக்கு மௌலியப் பேலலசு வேணும்” என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். குழந்தையின் தாய் மூன்றாம் நாள் வந்து குரலைத் திரும்பக் கேட்டாள். ஆனால் அவசரமில்லை என்றும் கூடவே சொன்னாள்.

கல்லூரியில் மாணவர்களுக்குப் படிப்பையும் தொழிலையும் தேர்ந்துகொள்ள வழிகாட்டும் பிரிவு ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளர் பொருளியல் பேராசிரியை எஸ்தர் ஞானசெல்வம். பொறுப்புகளைப் பிரித்த கூட்டத்துக்கு வராதிருந்ததால் அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவரிடம் இருநூற்றுப் பத்துக் கேள்விகள் கொண்ட விருப்பத் தேர்வுத்தாள் இருந்தது. அதைக் கொண்டு முதல் வாரத்தில் ஐந்து மாணவர்களுக்கு அவர் வழிகாட்டியதில், ஐவரும் அவர் குரலில் நன்றி சொன்னார்கள். அன்றுமுதல் அவர் பாடம் நடத்தும்போது நடுநடுவே ஊமையானார். அதன் பிறகு வழிகாட்டும் நேரங்களில் அவர் ஒரு முழுக் கடலைமிட்டாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். அப்படியும் அவர் புருவம் உயர்ந்ததைப் பார்த்துப் புவியியலுக்கு மாறிய ஒருவனுக்கு அவருடைய இருமல் மட்டும் போய்ச் சேர்ந்தபடியால், நாற்காலியைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வரலாற்றைக் கைவிட்டதும் திரும்பி வந்துவிட்ட மாமன் குரலில், அந்த முதுகின் பின்னால் போய் நின்று உலகம்மை தன் நிலைமையைச் சொல்லத் தொடங்கினாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் எஸ்தர், சுவரைப் பார்த்தபடி, கடலைமிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

“அண்ணாச்சி இல்ல மேடம். உலகம்மை. எலக்ட்ரானிக்ஸ் முதல் வருசம்.”

“சரிம்மா.”

“எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியல மேடம். நீங்க எதாவது கேள்வி கேட்டாவது பாருங்களேன்.”

“மாட்டேன். கேள்விக்குள்ளேயும் பதில் ஒளிஞ்சிருக்கும். இந்தக் கல்லூரியில பதினாலு துறை இருக்கு. பதினாலு கதவு. ஒவ்வொண்ணையும் வெளியே நின்னு பாத்துட்டு வா. உள்ளே போயிராதே. உள்ளே ஆள் இருப்பாங்க, பேசுவாங்க.”

அவள் பதினான்கு கதவுகளையும் பார்த்துவந்தாள். எதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. கதவுகள் என்ற வகையில் அவை நன்றாக இருந்தன.

இதற்கிடையில், தூக்கத்தில் பேசும் பெண்ணை உறங்கவிடாதிருப்பதே ஏலத்தைக் காக்கும் வழி என்று முடிவாகி, செண்பகவல்லி மகளை நாள்தோறும் ஐந்து மணிக்கு எழுப்பி மண்டிக்கு அனுப்பினாள். கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின்மேல், மாமனுக்குப் பின்னால், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு, ஆறு மணி முதல் பத்து மணிவரை உலகம்மை உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தவளின் கண் உயரத்தில் இருந்தவை தார்களின் வெட்டிய காம்புகள். நின்று வாங்குகிறவர்கள் காயைப் பார்ப்பார்கள். காம்பின் அடியை எவரும் பார்ப்பதில்லை. வெட்டிய வாயில் பால் கசியும். தரையில் வைத்ததும் அந்தப் பாலில் தோட்டத்து மண் ஒட்டிக் காய்ந்து இறுகிவிடும். முதல் வாரம் அவள் அதை வெறுமனே பார்த்தாள், பார்க்க வேறொன்றும் இல்லாதபடியால். இரண்டாம் வாரம் நகத்தால் சுரண்டினாள். மூன்றாம் வாரம் தீப்பெட்டிகள் கொண்டுவந்தாள். மேலக்கரை மண் செந்நிறம், விரலில் தேய்த்தால் மாவாகும். பெருங்குளத்து மண் கறுப்பு, நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் போகாது. உப்பாற்றுப் பக்கத்து மண் சாம்பல் பூத்தது, காய்ந்தால் வெண்மையாக ஓரம் கட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும்.

நாக்கில் வைத்ததை ஒருவர் பார்த்துவிட்டார். மண்டியில் ஒருவர் பார்த்தது ஊரில் எல்லாரும் பார்த்தது. கல்லூரிக்குப் போன பெண் மண்ணைத் தின்கிறாள், எத்தனை மாதமோ என்று பேச்சுக் கிளம்பி, செண்பகவல்லி மகளின் தலைமாட்டில் நாற்பத்தொரு தீப்பெட்டிகளைக் கண்டெடுத்து, ஒவ்வொன்றிலும் மண்ணும் ஒரு துண்டுத்தாளில் ஊர்ப் பெயரும் இருக்கக் கண்டு, கருவுற்றவள் எவளும் இவ்வளவு ஒழுங்காக மண்ணை அடுக்க மாட்டாள் என்று தெளிந்து அமைதியடைந்தாள். இரவில் பேச்சுரிமை இல்லாத மகளாலோ யாருக்கும் விளக்கம் சொல்ல முடியவில்லை; சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் யோசனை கூறியிருப்பார்.

முப்பத்தோராம் தேதி வந்தது. ஏழு ஊர்க் கொடைத் திருவிழாவுக்கும் அன்றுதான் தார் எடுக்க வேண்டும் என்பதால் மண்டியில் நிற்க இடமில்லை. செண்பகவல்லியும் வந்து மகளுக்கு அருகில், தேவைப்பட்டால் வாயைப் பொத்துவதற்கென்று ஒரு துண்டோடு நின்றாள். சொரிமுத்து அன்று மண்டி அதிரக் கூவினார். ஏழு மணி, எட்டு மணி. குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஐயாக்குட்டியே தலையை ஆட்டினார். எட்டரை மணிக்குத் தரகர் மந்திரமூர்த்தியின் அடுக்கு வந்தது: கொடைக்கென்றே தனியாகக் கொண்டுவந்த நூற்றிருபது தார்.

“மேலக்கரைத் தாரு” என்று கூவினார் சொரிமுத்து. அவர் மேலக்கரை என்று கூவினால் அது மேலக்கரைதான்; இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சொல்லை நம்பித்தான் ஏழு ஊரும் சாமிக்குப் படைத்தது. உப்பாற்றுத் தார் பார்க்க அழகாயிருக்கும், பழுக்காது, வெம்பிக் கறுத்துவிடும். அதைப் படைத்த ஊர் வெம்பிய பழத்தை மட்டுமல்ல, கூவியவரையும் மறக்காது. விலை ஏறியது. “ஒரு தரம்” என்றார். உலகம்மை காம்புகளைப் பார்த்தாள். “ரெண்டு தரம்” என்றார்.

அவளுக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. பேசாமலிருந்தால் மாமனின் வேலை நிலைக்கும், சொல் போகும். பேசினால், முந்தித் தொடங்கியவர் அவளாகிவிடுவாள். ஏலம் இரண்டாம் தரத்தில் நின்றுவிடும். சொல் நிலைக்கும், வேலை போகும். அவள் இவ்வளவையும் எடைபோட்டாளா என்றால், இல்லை. தன் கண்ணுக்கு நேரே வெண்மையாக ஓரம் கட்டியிருந்த நூற்றிருபது காம்புகளைச் செம்மண் என்று ஒருவர் கூவுவதைப் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

“மாமா, நிறுத்துங்க. இது மேலக்கரை இல்ல. உப்பாத்து மண்ணு.”

“மூணு தரம்” என்றார் சொரிமுத்து, அதே நேரத்தில்.

இரண்டும் கேட்டன. இரண்டு குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, தடையின்றி. செண்பகவல்லியின் துண்டு கீழே விழுந்தது. மண்டி முழுவதும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது.

மந்திரமூர்த்திதான் முதலில் பேசினார். “மண்ணுக்கு என்ன வே பேரா எழுதி ஒட்டியிருக்கு.”

“நக்கிப் பாருங்க” என்றாள் உலகம்மை.

ஐயாக்குட்டி தாமே குனிந்து, ஒரு காம்பைச் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, வெகுநேரம் துப்பினார். “அண்ணாச்சி, கரிக்கி” என்றார். மந்திரமூர்த்தியின் நூற்றிருபது தாரும் ஓரமாக நகர்த்தப்பட்டன.

சொரிமுத்துவின் முகம் மெல்ல மலர்ந்தது. எதையும் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவைக்கும் பழக்கமுடைய அவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, மருமகளைப் பார்த்து, “ஏட்டி, அப்படின்னா நீ பேசாம...” என்று தொடங்கினார்.

செண்பகவல்லி வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணன் வாயைக் கையால் பொத்தினாள். “சொல்லிராதே அண்ணே. நீ சொன்னா மறுபடியும் உன் குரலாயிரும்.”

மண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. மணி எட்டே முக்கால். கல்லூரி இரண்டு கிலோமீட்டர். அந்தப் பெண் தனக்கு வேண்டியதைக் கண்டுவிட்டாள். ஆனால் அதன் பெயர் இன்னும் அவளுக்குத் தெரியாது. பத்து மணிக்குள் அதை அவளே அறிய வேண்டும். அதுவரை எவர் வாயிலிருந்தும் ஒரு யோசனைகூட அவள் காதில் விழக் கூடாது. ஐயாக்குட்டி தம் வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஏலம் நின்றது; சுமை தூக்குகிறவர்களும் வியாபாரிகளும் தரகர்களும், தோளில் தாரோடு நின்றவர்கள் தாரோடும், தராசுத் தட்டில் நின்றவர்கள் தட்டிலிருந்து இறங்கியும், அவளுக்குப் பின்னால் நடந்தார்கள். தாழைவாய்க்கால் மண்டி ஆட்கள் இருநூறு பேர் ஒரு சொல்லும் பேசாமல் கடைத்தெருவைக் கடந்து போனதை, அந்த ஊரில் மாணவர்கள் பிறர் குரலில் பேசியதைவிடப் பெரிய அதிசயமாக இன்றுவரை குறிப்பிடுகிறார்கள். வழியில் தேநீர்க்கடைக்காரர், “எங்கே எல்லாரும்” என்று கேட்டார். அவர் வாயிலும் ஒருவர் வடையைத் திணித்துவிட்டுப் போனார். கல்லூரி வாசலில் எஸ்தர் ஞானசெல்வம் கூட்டத்தைக் கண்டார். நிலைமையைப் புரிந்துகொண்டு மறுபேச்சின்றித் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்.

உலகம்மை கதவுகளையொட்டி நடந்தாள். முன்பு பார்த்த அதே பதினான்கு கதவுகள். பதினொன்றாவது கதவு முன்போலவே பூட்டியிருந்தது. ஆனால் இம்முறை அவள் கதவைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சன்னலைப் பார்த்தாள். உள்ளே ஓர் அலமாரி. அலமாரி நிறையக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் மண், ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டுத்தாள், தாளில் ஊர்ப் பெயர். அவள் நிமிர்ந்து கதவின்மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு முதல்வர் அறைக்குள் போனாள். மணி ஒன்பதே முக்கால்.

“எந்தத் துறை” என்றார் முதல்வர்.

“நிலவியல்” என்றாள் உலகம்மை.

அறையிலும் வராந்தாவிலும் சன்னலிலும் நின்ற இருநூறு பேரும் காதைக் கொடுத்தார்கள். அது மாமனுடையது அன்று, தாயுடையது அன்று, நாணயத்துடையதும் அன்று. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. சற்றுக் கீச்சென்று இருந்தது. அவளுடையதாக இருந்தது.

நிலவியல் பேராசிரியர் திரவியத்தைத் தேடிப் பிடித்து வந்தார்கள். தம் துறைக்கு ஒருவர் விரும்பி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன என்பதால் அவர் முதலில் நம்பவில்லை. “தவறி வந்துட்டியேம்மா. புவியியல் அடுத்த கட்டடம்” என்றார். இரண்டாம் முறையும் அவள் அதையே சொன்னதும், அந்த மனிதர் சாவியைத் தேடும் சாக்கில் அப்பால் திரும்பிக்கொண்டார்.

அன்றைய ஏலம் வழக்கத்துக்கு மாறாக மாலை நான்கு மணிக்கு, கல்லூரி விட்ட பிறகு மீண்டும் தொடங்கியது. மிச்சமிருந்த முப்பத்தோர் அடுக்குகளையும் அந்தப் பெண் பார்த்துச் சொன்னால்தான் எடுப்போம் என்று ஏழு ஊர்க்காரர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மதுரை இயந்திரத்தைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. உலகம்மை ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து காம்பைச் சுரண்டினாள். “இது பெருங்குளம். அடியில கொஞ்சம் மணலும் இருக்கு, வாய்க்கால் ஓரத்துத் தோட்டமா இருக்கும்” என்றாள். “இது மேலக்கரைதான். ஆனா இந்த நாலு தாரு மட்டும் வேற எங்கேயோ உள்ளது” என்றாள். அவள் சொல்லி முடித்ததும் சொரிமுத்து கூவினார். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம், பாதிச் சொல்லில் இருந்தாலும், தம் வாயை மூடிக்கொண்டார்.

இதைக் கவனித்துக்கொண்டே வந்த ஐயாக்குட்டி, பத்தாவது அடுக்கில் அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “அண்ணாச்சி, இப்பத்தான் ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஆயிட்டே. அவ பேசினா உமக்கு நிக்கப்போவுதா என்ன. நீரு பாட்டுக்குக் கூவ வேண்டியதுதானே.”

மருமகள் பன்னிரண்டாவது காம்பின் மண்ணைப் பற்றி நீளமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்; அவள் நிறுத்தும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் சொரிமுத்து அவர் பக்கம் திரும்பினார்.

“அவ பேசிக்கிட்டு இருந்தாள்லா வே” என்றார்.